ஒளியைச் சிறைப்பிடிக்கும் கணக்கு

இரத்தினபுரி என்றதும் நினைவுக்கு வருவது நீலக்கல். பெல்மதுளை, இரக்குவானைப் பகுதிகளிலே, தேயிலை, இறப்பர்த் தோட்டங்களை அடுத்த தாழ்நிலங்களில் குழி தோண்டி, ‘இல்லம்’ என வழங்கும் சரளை மண்ணைக் கூடையிலிட்டு நீரில் அரித்து அதனை எடுப்பர். எடுத்தபோது கல் மங்கிக் கிடக்கும். பட்டை தீட்டுபவரே அதற்கு ஒளி தருகிறார்.

அஃது எவ்வாறு? நீலக்கல்லின் முறிவுச் சுட்டி ஏறக்குறைய 1.77. ஆதலின், உட்புகுந்த கதிர் ஒரு முகத்தில் 34 பாகைக்குச் சற்று மேற்பட்ட கோணத்திற் படின் வெளியேற இயலாது, முழுவுட்டெறிப்படைந்து திரும்பும். அடிப்பட்டைகளின் சாய்வு அதனினும் குறைந்தால், ஒளி அடிவழியே ஒழுகிவிடும். எடையைக் காக்க எண்ணிக் கோணத்தைக் கைவிட்டவர் ஒளியை இழக்கிறார்.

திரும்பும் ஒளியை வெளிவிடாமல் உள்ளேயே சுழலச் செய்யலாமா? 1960 இல் அமெரிக்கரான தியோடர் மெய்மன், நீலக்கல்லின் உடன்பிறப்பாகிய மாணிக்கத்தைச் செயற்கையாக விளைவித்த கோலொன்றை எடுத்தார். அதன் இரு முனைகளிலும் வெள்ளி பூசி, இடையே ஒளியை முன்னும் பின்னும் ஓடவிட்டார். லேசர் பிறந்தது.

இன்று அவ்வொளிச் சிறை மணற்பருக்கையினும் மிகச் சிறியதாகிவிட்டது. மெல்லிய சிலிக்கன் தகட்டிலே நுண்துளைகளை ஒழுங்காக இட்டால், குறித்த அலைநீளமுள்ள ஒளி அவற்றினூடே பரவாது. நடுவே சில துளைகளை இடாது விட்டால், ஒளி அவ்விடத்தில் அகப்படும். எனினும் மேலும் கீழும் கசியும். 2003 இல் யப்பானின் கியோத்தோப் பல்கலைக்கழகத்துச் சுசுமு நோடா குழுவினர், மூன்று துளைகளை இடாது விட்டு, அவ்விடைவெளியின் இரு முனைத் துளைகளையும் சிறிதே வெளிப்புறம் நகர்த்தினர். கசிவு பெரிதும் குறைந்தது! சிறைச்சுவர் திடீரென எழுந்தால் ஒளி சிதறும். படிப்படியாக எழுந்தால் அடங்கும் என்பதே காரணம்.

எத்துளையை எவ்வளவு நகர்த்துவது? துளைகளோ பல. ஆகவே இப்பணி கணினியிடம் ஒப்படைக்கப்படுகிறது. அது மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகளைத் தீர்த்துக் கசிவை மதிப்பிடும். வடிவைச் சிறிது மாற்றி மீண்டும் மதிப்பிடும். கசிவு குறைந்தால் ஏற்கும், கூடினால் தள்ளும். இவ்வாறு பன்முறை செய்து, மனிதர் எண்ணியிராத வடிவங்களையும் கண்டெடுக்கும். ஒளிவழிச் செய்தித் தொடர்புக்கும், மிக நுண்ணிய அளவிலுள்ள பொருள்களை உணரும் கருவிகளுக்கும் இச்சிறைகள் பயன்படுவன.

பட்டறைக்காரர் தேய்த்த கல்லை மீண்டும் வளர்க்க இயலாது. கணினியோ ஆயிரம் முறை தவறியும் திருத்திக்கொள்ளும். இருவர்க்கும் வேண்டியது ஒளி செல்லும் வழியை அறியும் கணக்கே. சப்பிரகமுவத் தோட்டப் பகுதிகளில் உயர்தரக் கணித, விஞ்ஞான வகுப்புகளை நடத்தும் தமிழ்ப் பாடசாலைகள் மிகச் சிலவே. மண்ணிலுள்ள கல்லைத் தேடுவதிற் காட்டும் ஊக்கத்தை, அம்மண்ணிற் பிறந்த பிள்ளைகளின் அறிவைத் துலக்குவதிலும் நாம் காட்டுதல் வேண்டும்.