வானத்துக் கண்ணும் நம் ஊர் ஏரியும்

மாணவர்களே, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சுற்றிலும் ஏரிகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்று சுருங்கி வருகிறதா என்று எப்படி அறிவது? செயற்கைக்கோள் படங்கள் சான்று கூறும். அவற்றைப் பெறும் உரிமை யாருக்கு உண்டு?

2011-ஆம் ஆண்டுக் கொள்கை, 1 மீட்டர் வரையிலான படங்களைப் பாகுபாடின்றி வழங்கலாம் என்றது. 2023-ஆம் ஆண்டின் இந்திய விண்வெளிக் கொள்கையோ, 5 மீட்டரும் அதற்கு மேலும் அளவுள்ள அரசுப் படங்களை அனைவருக்கும் இலவசமாக்கியது.

5 மீட்டர் என்றால், படத்தின் ஒரு புள்ளி தரையில் 25 சதுர மீட்டரைக் குறிக்கும். ஒரு ஹெக்டேர் நீர்ப்பரப்பு 400 புள்ளிகளாகும். கரையில் நிற்கும் ஆள் தெரியமாட்டார்.

நீர், அகச்சிவப்புக் கதிர்களை உறிஞ்சுவதால் அக்கதிர்ப் படத்தில் கருமையாகத் தெரியும். வெவ்வேறு ஆண்டுகளில் ஒரே மாதத்தில் எடுத்த படங்களின் கரும்புள்ளிகளை எண்ணுங்கள். மழையளவையும் குறித்து ஒப்பிடுங்கள். ஏரியின் கதை விளங்கிவிடும்!