நவாஹா... நூத்தம்பது ரூபாய்!

வெள்ளிக்கிழமை காலையில் பல்லாவரம் பழைய டிரங்க் ரோட்டுப் பக்கம் போயிருக்கிறீர்களா? சந்தை. புறா, நாய்க்குட்டி, ரோஜாச் செடி, கீ கொடுக்கும் சுவர்க் கடிகாரம், ஒற்றைக் கால் ஸ்டூல், யாரோ ஒரு தாத்தாவின் மூக்குக் கண்ணாடி என்று சகலமும் தரையில் கிடக்கும். கூட்டம் சேரும் முன்பே வந்து, எதையும் பார்க்காதது மாதிரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நடக்கும் ஆசாமிகள் சிலர் உண்டு. அவர்கள்தான் கலெக்டர்கள். (மாவட்டம் இல்லாத கலெக்டர்கள்!)

திருநீர்மலையில் குடியிருக்கும் என் நண்பர் ஒருவர் அங்கே ஒரு மடக்குக் கத்தியுடன் போனார். திருநீர்மலை தெரியுமல்லவா? பெருமாள் நின்று, இருந்து, கிடந்து, நடந்து என்று நாலு கோலத்தில் சேவை சாதிக்கும் ஊர். பாதிப் பேருக்கு, சினிமாவில் காதல் ஜோடி ஓடி வந்து தாலி கட்டிக்கொள்ளும் மலைக் கோயில் என்றால்தான் புரியும். நண்பருக்கு கிண்டியில் கிளார்க் வேலை. ஜூன் மாசம். பெண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டும். கத்தி, கப்பலில் வேலை பார்த்த தாத்தா கொண்டு வந்தது.

கடைக்காரர் கத்தியைத் திறந்தார். கர்ர்ர்ரக் என்று பல் சக்கரச் சத்தம்.

"இன்னா சார், ராம்பூரி. ஃப்ரெண்டாச்சேன்னு நூத்தம்பது தரேன்."

அவரைக் குறை சொல்ல முடியாது. உத்தரப் பிரதேசத்து ராம்பூர் கத்தியும் அதே மாதிரிதான் சத்தம் போடும். எழுபது, எண்பதுகளின் இந்தி வில்லன்கள் புண்ணியத்தில் பட்டிதொட்டியெல்லாம் பிரபலமான கத்தி. டெல்லியில் 1980-ல் பட்டன் கத்தி, பல் சக்கரக் கத்தி வகையறாவுக்கென்றே அரசாங்கம் தனி அறிவிப்பு போட்டது. ராம்பூர்க்காரர்கள் 2023-ல் இருபதடி நீளத்துக்கு ஒரு கத்தி செய்து நடுரோட்டில் சிலையாகவே வைத்துவிட்டார்கள். நாம் தலைவர்களுக்கு வைக்கிறோம், அவர்கள் கத்திக்கு!

ஆனால் நண்பர் கையில் இருந்தது நவாஹா. ஸ்பெயின் தேசத்து மடக்குக் கத்தி. கைப்பிடி மாட்டுக் கொம்பு, நடுவில் பித்தளைப் பூண், மீன் வால் மாதிரி வளைந்து முடியும். முதுகில் ஒரு சின்ன வளையம். அதை இழுத்தால்தான் பூட்டு விட்டு மடங்கும். அல்பசெட்டே என்ற ஊர் இதற்குப் பேர் போனது. நமக்குத் திருப்பாச்சி அரிவாள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்த ஊரில் கத்திக்கென்றே ஒரு மியூசியம் உண்டு. 18-ம் நூற்றாண்டில் ஸ்பெயின் ராஜாக்கள் தடை உத்தரவு மேல் தடை உத்தரவு போட்டும் ஜனங்கள் கேட்கவில்லை. 1849-ல் மாட்ரிட்டில் இந்தக் கத்தியால் சண்டை போடுவது எப்படி என்று பாடப் புத்தகமே வந்தது.

இதிலும் ஒரு வில்லங்கம். பழைய 'ஸ்பெயின்' கத்திகளில் நிறைய, பிரான்ஸில் தியேர் என்ற ஊரில் செய்து ஸ்பெயினுக்கு அனுப்பியவை. எனவே கலெக்டர் முதலில் பார்ப்பது கைப்பிடியின் அழகை அல்ல. அலகின் அடியில் உள்ள முத்திரையை.

நண்பர் வீட்டில் அந்த முத்திரை பாதி அழிந்திருந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பாட்டி புளி போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்த பக்தி! மிச்சத்தையும் உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கிக் கொண்டு போகலாம் என்று நண்பர் கிளம்பினார். தடுத்தேன். பழைய பொருளில் படிந்த கறுப்புதான் காசு. சாணை பிடித்தால் விலை பாதாளத்துக்குப் போய்விடும். மெல்லிய துணியில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய், அவ்வளவுதான். பி.காமில் மூன்று வருஷம் தேய்மானம் போடக் கற்றுக்கொண்டவன் நான். வருஷம் ஏற ஏற மதிப்பு இறங்கும் என்பார்கள். இங்கே வருஷத்தால் மதிப்பு ஏறுகிறது, தேய்த்தால்தான் தேய்மானம்!

படித்ததில் இன்னொன்று உதவியது. வவுச்சர் இல்லாத கணக்கை ஆடிட்டர் ஒப்புக்கொள்ள மாட்டார். கலெக்டரும் அப்படியே. "எங்க தாத்தா கொண்டு வந்தார்" என்றால் சிரிப்பார். பரணில் தேடியதில் தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகம் கிடைத்தது. எந்தக் கப்பல், என்றைக்கு ஏறினார், என்றைக்கு இறங்கினார் எல்லாம் முத்திரையோடு. கூடவே பார்சிலோனாவிலிருந்து போட்ட ஒரு போஸ்ட் கார்டு. நூத்தம்பது ரூபாய்க் கத்தி, அந்த நிமிஷம் வேறு ஜாதியாகிவிட்டது.

அப்புறம் சட்டம். ஆயுதச் சட்டம் 1959, அதன்கீழ் 2016-ல் வந்த விதிகள். வீட்டு வேலை, விவசாயம், தொழில் போன்றவற்றுக்கு அல்லாத கத்தி, அலகு 9 அங்குலத்தைத் தாண்டினாலோ, அகலம் 2 அங்குலத்தைத் தாண்டினாலோ ஆயுதப் பட்டியலில் வந்துவிடும். ஸ்கேல் வைத்து அளந்தோம். ஏழுதான். அதற்காகப் பையில் போட்டுக்கொண்டு சந்தை சந்தையாகச் சுற்றுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பக்கத்தில் ஸ்கேல் வைத்து போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். கைப்பிடி யானைத் தந்தமாகவோ நம்மூர் மான் கொம்பாகவோ இருந்தால் விற்கவே கூடாது. வன உயிரினச் சட்டம் 1972. மாட்டுக் கொம்புக்குக் கவலை இல்லை.

"நூறு வருஷப் பழசுன்னு சொல்லிடவா? விலை ஏறுமே" என்றார் நண்பர். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நூறு வருஷம் ஆன கலைப்பொருள் தொல்பொருள் கணக்கில் சேரும். 1972-ம் வருஷச் சட்டப்படி அதைத் தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பொய்யாக வயசைக் கூட்டினால், டாலரில் வாங்கக் கூடியவருக்கு நாமே கதவைச் சாத்துகிறோம். சந்தேகம் இருந்தால் தொல்லியல் துறையிடம் 'இது தொல்பொருள் அல்ல' என்று சர்டிஃபிகேட் கேட்கலாம். சென்னையில் ஆபீஸ் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. நண்பருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. மும்பையிலிருந்து ஒருவர் நேரில் வந்து, போஸ்ட் கார்டையும் சேர்த்துக் கேட்டு வாங்கிப் போனார். தொகையை நண்பர் வாய் திறந்து சொல்லவில்லை. ஒரு டேர்ம் ஃபீஸ் கட்டியாகிவிட்டது, அது தெரியும். போஸ்ட் கார்டைக் கொடுத்ததில் பாட்டிக்கு இன்னும் கோபம்.

ஸ்பெயின் இரும்பு நமக்குப் புதுசும் இல்லை, அதை எடைக்குப் போடுவதும் புதுசில்லை. போர்ச்சுக்கீசியர் காலத்திலிருந்தே ஐரோப்பிய வாள் அலகுகள் இங்கே இறங்கின. அதற்கு நம்மூர்ப் பிடி போட்டு 'ஃபிரங்கி' என்றார்கள். உடைந்ததைக்கூட வீணாக்காமல் கட்டாரிக்கு அலகாக வைத்தார்கள். தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையில் இப்படிப்பட்டவை குவிந்து கிடந்தன. 1855-ல் கடைசி ராஜா சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் காலமானார். 1860-களில் ஆயுதசாலையைக் கலைத்தார்கள். நல்லதாகச் சிலவற்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பாக்கினார்கள். வால்ஹவுஸ் என்ற மதராஸ் அதிகாரி 1878-ல் இதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். இன்று தஞ்சாவூர்க் கட்டாரிகள் நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏ.சி.யில் இருக்கின்றன.

தப்பிப் பிழைத்ததில் ஒரு பங்கு நம் எழும்பூர் மியூசியத்துக்கும் வந்து சேர்ந்தது. போய்ப் பாருங்கள். ஆனால் வெள்ளிக்கிழமை போகாதீர்கள், அன்றைக்கு லீவு. பல்லாவரம் போகலாம்.