எந்த மீன், எந்த ஆற்றுக்கு?

ஆறுகளில் மீன்குஞ்சு விடும் நிகழ்ச்சி குறித்த செய்திகளில் 'இத்தனை லட்சம் குஞ்சுகள் விடப்பட்டன' என்ற எண்ணிக்கை தவறாமல் இடம்பெறும். அவை எந்த இனம், தாய்மீன்கள் எந்த ஆற்றைச் சேர்ந்தவை என்ற விவரம் பெரும்பாலும் இருக்காது. அந்த விவரத்தைப் பொருட்படுத்தாமல் விட்டால் என்ன நேரும் என்பதற்குக் காவிரியே சான்று.

காவிரிக்கும் அதன் துணையாறுகளுக்கும் மட்டுமே உரியது திமில் மஹசீர் என்னும் பெருங்கெண்டை. 1946-இல் கபினியில் தூண்டிலில் சிக்கிய மஹசீர் ஒன்றின் எடை 120 ராத்தல், அதாவது சுமார் 54 கிலோ. அணைகளாலும் வெடிவைத்து மீன்பிடிப்பதாலும் மஹசீர்கள் குறைந்துவந்த நிலையில், மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் உள்ள பொரிப்பகத்தில் வளர்க்கப்பட்ட குஞ்சுகள் காவிரியில் விடப்பட்டன. நல்ல நோக்கம்தான். ஆனால், அவை நீலத்துடுப்பு மஹசீர்கள். கிருஷ்ணா வடிநிலத்துக்கு உரியவை.

கர்நாடகப் பகுதிக் காவிரியில், மீனைப் பிடித்து மீண்டும் ஆற்றிலேயே விட்டுவிடும் தூண்டில்காரர்கள் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த குறிப்புகளை ஆய்வாளர்கள் பின்னாளில் அலசினர். பிடிபட்ட மஹசீர்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. திமில் மஹசீரோ ஏறத்தாழ மறைந்தே போயிருந்தது. மொத்தக் கணக்கை மட்டும் பார்ப்பவர் இதை வெற்றி என்றே எழுதியிருப்பார்.

இதைவிட வியப்பு ஒன்றுண்டு. 2007-இல் கேரளத்தின் பாம்பாற்றில் கிடைத்த மீன்களைக் கொண்டு விவரிக்கப்பட்ட இனமும் திமில் மஹசீரும் ஒன்றே என்பது 2018-இல்தான் தெளிவாயிற்று. அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. இன்னதென்று அடையாளம் காணும் முன்பே நாம் அதன் ஆற்றை வேற்றினத்தால் நிரப்பிவிட்டோம்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இந்தப் பிழை எனக்குப் பழக்கமானது. ஒரு மூட்டை நெல்லுக்கு இன்னொரு மூட்டை ஈடாகலாம். ஓர் ஆற்று மீனுக்கு மற்றோர் ஆற்று மீன் ஈடாகாது.

சரியான இனத்தையே வளர்த்தாலும் சிக்கல் தீராது. ஒருசில தாய்மீன்களிலிருந்து பல்லாயிரம் குஞ்சுகளை உருவாக்கினால் மரபணு வளம் சுருங்கும். தொட்டியில் தீவனம் தின்று வளர்ந்த குஞ்சுக்கு எதிரியைக் கண்டு ஒதுங்கத் தெரியாது. வெள்ளக் காலத்தில் நீரோட்டத்தை எதிர்த்து மேலேறி முட்டையிடும் மீனுக்கு வழியை அணை மறித்துவிட்டால், எத்தனை குஞ்சு விட்டும் என்ன?

திமில் மஹசீர் இன்னமும் எஞ்சியிருக்கும் இடங்களில் நம் மோயாறும் ஒன்று. முதல் செலவு அங்கே, அந்த மீன்களையும் அவை முட்டையிடும் கூழாங்கல் படுகைகளையும் காப்பதற்கே ஆக வேண்டும். பொரிப்பகம் அதற்குப் பிறகுதான். அதுவும் அதே ஆற்றின் பல தாய்மீன்களைக் கொண்டு, மரபணுச் சோதனைக்குப் பின். விடப்பட்ட குஞ்சுகளில் ஐந்தாண்டுகள் கழித்து எத்தனை உயிரோடு உள்ளன, எத்தனை முட்டையிட்டன என்ற கணக்கெடுப்புக்கான நிதியையும் அதே திட்டத்திலேயே ஒதுக்க வேண்டும்.