பண்ணைக் கழிவுநீர் மண்ணணை

பண்ணைக் கழிவுநீர் மண்ணணை என்பது பன்றி, மாடு முதலிய கால்நடைகளை வளர்க்கும் பெரும்பண்ணைகளில் சாணம், சிறுநீர், கொட்டகை கழுவிய நீர் ஆகியவற்றைத் தேக்கி வைப்பதற்காக மண்ணால் கட்டப்படும் கரை ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் வட கரொலைனா மாநிலத்தில் பன்றிப் பண்ணைகளைச் சார்ந்து இத்தகைய தேக்கங்கள் மூவாயிரத்துக்கும் மேல் உள்ளன. இவற்றின் கரை உடைந்தால் வெள்ளச் சேதத்துடன் ஆறும் கிணறும் மாசடைகின்றன. எனவே இவற்றைக் கட்டுவதைப் போலவே தொடர்ந்து பராமரிப்பதும் இன்றியமையாதது.

அமைப்பு

நிலத்தைத் தோண்டி, அம்மண்ணையே சுற்றிலும் கரையாக அடுக்கடுக்காக இறுக்கி இத்தேக்கம் அமைக்கப்படுகிறது. கழிவு நிலத்தடி நீரில் கலவாதிருக்க அடியிலும் உட்சரிவிலும் களிமண் அல்லது நெகிழித் தாள் பரப்பப்படுகிறது. தேக்கத்தில் ஆக்சிசன் இன்றி வாழும் நுண்ணுயிர்கள் கழிவின் ஒரு பகுதியைச் சிதைக்கின்றன. திண்மப் பகுதி அடியில் சேறாகப் படிகிறது. மேலுள்ள நீர் பயிர்நிலங்களில் உரமாகத் தெளிக்கப்படுகிறது.

பாசன ஏரியிலிருந்து வேறுபாடு

பாசன ஏரியில் மிகுநீர் கலிங்கு வழியாக வெளியேறிக் கரையைக் காக்கிறது. கழிவுநீரை அவ்வாறு வழியவிட இயலாது. ஆகவே மழைக்கான இடம் தேக்கத்துக்குள்ளேயே முன்கூட்டி ஒதுக்கப்படுகிறது. வட கரொலைனாவில், 25 ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கப்படும் 24 மணிநேரப் பெருமழையின் நீரைக் கொள்ளும் இடமும், அதற்கு மேல் ஏறத்தாழ 30 செ.மீ. உயரக் கரையும் வெற்றாக இருக்குமாறு தேக்கங்கள் வடிவமைக்கப்படுகின்றன. நீர்மட்டத்தை அறிய அளவுகோல் ஒன்று தேக்கத்தினுள் நடப்படும்.

இவ்வெற்றிடத்தைக் காப்பதே பராமரிப்பின் கடினமான பகுதியாகும். 8 ஏக்கர் பரப்புள்ள தேக்கத்தில் 10 செ.மீ. மழை பெய்தால் நேரடியாக விழும் நீர் மட்டுமே சுமார் 32 இலட்சம் லீட்டர் ஆகும். தொடர்மழைக் காலத்தில் வயல்களும் ஈரத்தால் நிறைந்திருக்கும். அப்போது கழிவுநீரைத் தெளித்தால் அது மண்ணில் இறங்காமல் ஓடைகளுக்கு வழிந்தோடும். இதனால் மட்டத்தைக் குறைக்க வேண்டிய தேவை மிகுந்திருக்கும் நாட்களிலேயே அதற்கான வழி அடைபடுகிறது. மழைக்காலத்துக்கு முன்பே, உலர்ந்த நாட்களில் மட்டத்தை இறக்கி வைப்பதே இதற்குத் தீர்வு.

கரை உடையும் விதங்கள்

* மேல்வழிதல்: நீர் கரையின் உச்சியைத் தாண்டி வெளிச்சரிவில் ஓடும்போது மண்ணை அரிக்கிறது. உச்சியில் தாழ்ந்த இடம் ஒன்று இருந்தால் நீர் அங்கேயே குவிந்து விரைவில் உடைப்பு ஏற்படும்.
* உள்ளரிப்பு: கரைக்குள் ஊறும் நீர் மண் துகள்களை இழுத்துச் சென்று குழாய் போன்ற வழியை உண்டாக்குகிறது. கரையின் ஊடாகப் பதிக்கப்பட்ட குழாய்களின் ஓரங்கள், பட்டுப்போன மரங்களின் வேர்கள் மக்கிய துளைகள், விலங்குகளின் வளைகள் ஆகியவை இதற்கு இடந்தருகின்றன.
* சரிவு நழுவுதல்: நீர் ஊறிய மண் வலுவிழந்து சரிகிறது. மட்டத்தை மிக விரைவாக இறக்கினாலும், உள்ளே ஊறிய நீர் வடியுமுன் தாங்கும் அழுத்தம் நீங்குவதால் உட்சரிவு நழுவக்கூடும்.

பராமரிப்பு

கரையில் புல் வளர்த்து அதைக் குட்டையாக வெட்டி வைத்தல் வேண்டும். புல் மண்ணரிப்பைத் தடுக்கிறது. குட்டையாக இருந்தால் வெடிப்பும் கசிவும் கண்ணுக்குத் தெரிகின்றன. மரக்கன்றுகளைச் சிறிதாக இருக்கும்போதே நீக்க வேண்டும். வளைகளைத் தோண்டி, மண் இட்டு இறுக்க வேண்டும். கூரை நீர் தேக்கத்தை அடையாமல் திருப்பிவிட வேண்டும். சேறு மிகுந்தால் கொள்ளளவு குறைவதால் அதைக் காலமுறையில் அகற்ற வேண்டும். அவ்வாறு கலக்கும் பொறி களிமண் பூச்சைச் சிதைக்காதவாறு கவனித்தல் அவசியம்.

கரையைச் சுற்றி நடந்து பார்ப்பது மிக எளிய சோதனையாகும். உலர்ந்த பருவத்திலும் பசுமையாக இருக்கும் ஒரு திட்டு, கரையின் அடியில் சதுப்பு, உச்சியில் நீளவாட்டில் வெடிப்பு ஆகியன எச்சரிக்கைகள். கசிவு தெளிவாக இருந்தால் அதன் அளவைக் கண்காணித்து, காரணத்தைப் பொறியாளர் ஆராய வேண்டும். கசிவு கலங்கி, மண்ணுடன் வந்தால் உள்ளரிப்பு நடந்துகொண்டிருக்கிறது எனக் கொண்டு உடனடியாகச் செயற்பட வேண்டும்.

தேக்கத்தைக் கலக்கும்போது ஐதரசன் சல்பைடு என்னும் நச்சு வாயு வெளிப்படக்கூடும். மூடிய குழிகளில் இது உயிரைப் பறிக்கும் அளவை எட்டலாம். எனவே தேக்கத்தைச் சுற்றி வேலியும், தனியாக வேலை செய்யாமையும் வலியுறுத்தப்படுகின்றன.

வட கரொலைனா நிகழ்வுகள்

1995 சூன் 21 அன்று ஒன்சுலோ மாவட்டத்தில், கடும் மழைக்குப் பின் சுமார் 8 ஏக்கர் தேக்கம் ஒன்றின் கரை உடைந்தது. ஏறத்தாழ 2.5 கோடி அமெரிக்க கலன், அதாவது சுமார் 9.5 கோடி லீட்டர் பன்றிக் கழிவுநீர் வயல்களின் வழியே நியூ ஆற்றை அடைந்தது. கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் ஆற்றின் ஆக்சிசனைப் பயன்படுத்தித் தீர்த்ததாலும் அம்மோனியாவாலும் மீன்கள் பெருந்தொகையில் மடிந்தன.

இதன்பின் மாநிலத்தில் விதிகள் கடுமையாக்கப்பட்டன. புதிய பன்றிக்கழிவுத் தேக்கங்களுக்கு 1997இல் இடைக்காலத் தடை விதிக்கப்பட்டது. 2007இல் அது நிலையானதாக்கப்பட்டது. ஆயினும் ஏற்கனவே இருந்த தேக்கங்கள் தொடர்ந்தன. 1999இல் புளாய்டு சூறாவளியின்போது பல தேக்கங்கள் வெள்ளத்தில் மூழ்கின. அதன்பின் வெள்ளச் சமவெளியில் இருந்த 40க்கும் மேற்பட்ட பன்றிப் பண்ணைகளை, உரிமையாளர்களின் இசைவுடன் இழப்பீடு அளித்து அரசு மூடியது. 2018இல் புளோரன்சு சூறாவளியிலும் சில கரைகள் உடைந்தன; பல தேக்கங்கள் வழிந்தன.

கைவிடப்பட்ட தேக்கங்கள்

பண்ணை மூடப்பட்டாலும் தேக்கம் மழைநீரால் தொடர்ந்து நிரம்பும். பார்வையிடுவோர் இல்லாத கரையில் மரங்களும் வளைகளும் பெருகும். ஆகவே நீரையும் சேற்றையும் அகற்றி, கரையைக் கலைத்து நிலத்தைச் சமன்படுத்தும்வரை அல்லது அதை நன்னீர்க் குளமாக மாற்றும்வரை உரிமையாளரின் பொறுப்பு நீங்குவதில்லை.