கற்றாழை நடலாமா, குதிரை மசால் விதைக்கலாமா?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் நமது அறக்கட்டளை மூலம் ஆடு பெற்ற சகோதரிகள் பலர், வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் நிலத்தில் என்ன வைக்கலாம் என்று கேட்கிறார்கள். கற்றாழை போட்டால் நல்ல வருமானம் என்று சிலருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். கையிலிருக்கும் சிறு தொகையை இறக்கும் முன், சோற்றுக் கற்றாழையையும் தீவனப் பயிரான குதிரை மசாலையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

இரண்டும் பூக்கும் தாவரங்களே. ஆனால் தூரத்து உறவு. கற்றாழை, வெங்காயத்தைப் போல ஒருவித்திலைத் தாவரம். குதிரை மசால், உளுந்து, துவரையைப் போல இருவித்திலைத் தாவரம், பயறுக் குடும்பம். வடஇந்தியாவில் குளிர்காலத்தில் விளையும் பெர்சீம் தீவனத்துக்கு நெருங்கிய சொந்தம். இரண்டுக்கும் காம்புக்கு மூன்று சிற்றிலைகள்.

கற்றாழை தண்ணீரைச் சேமிக்கும் செடி. இலைத் துளைகளை இரவில்தான் திறக்கும். அதனால் பகல் வெயிலில் நீர் அதிகம் வீணாகாது. வறண்ட நிலத்திலும் தாங்கும். பக்கக் கன்றைப் பிரித்து நட்டால் போதும். ஆனால் அதன் சோறு பெரும்பாலும் தண்ணீர்தான். வெட்டிய மடல் விரைவில் கெடும். வண்டி வாடகையும் கூடும். வாங்குபவர் அருகில் இல்லையென்றால் நட்டம்தான். ஆட்டுக்குத் தீவனமும் ஆகாது. தோலை ஒட்டி வடியும் மஞ்சள் பால் பேதியாக்கும். கர்ப்பிணிகள் அதை உட்கொள்ளக் கூடாது.

குதிரை மசாலின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகின்றன. அதனால் மண்ணும் வளம் பெறும். உலர் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு புரதம். விதைத்த 75-80 நாட்களில் முதல் அறுப்பு. பிறகு 25-30 நாட்களுக்கு ஒருமுறை என மூன்று, நான்கு ஆண்டுகள் அறுக்கலாம். ஆனால் வாரம் ஒரு தண்ணீர் வேண்டும். வயலில் நீர் தேங்கவும் கூடாது. ஈரத்தோடு இதை மட்டும் போட்டால் ஆட்டுக்கு வயிறு உப்பும். சோளத்தட்டை போன்ற உலர் தீவனத்தோடு கலந்தே கொடுக்க வேண்டும்.

ஆகவே, கிணற்றுத் தண்ணீர் உள்ளவர்கள் குதிரை மசால் விதைக்கலாம். மானாவாரி நிலத்துக்கு மழைக்காலத்தில் வேலி மசால் பொருந்தும். கற்றாழை வேலி ஓரத்தில் நாலைந்து கன்று போதும். அதிகம் நடுவதானால், வாங்குபவரிடம் விலையை முதலில் எழுத்தில் பெறுங்கள். வாலிகண்டபுரத்திலும் சோழமாதேவியிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களில் விதை, மண் பற்றிக் கேட்டு அறியலாம். ஆடு வளர்ப்பவருக்குத் தீவனச் செலவு குறைவதே முதல் வருமானம்.