‘கேஷ்’ என்பது காசுதானா?

‘எயிட்’ என்னும் ஆங்கில எண்ணுப்பெயர் ‘எட்டு’ என்னும் தமிழ்ச் சொல்லினின்று பிறந்ததெனக் கூறுவோர் நம்மிடையே பலர் உளர். தமிழ்ப்பற்றின் மிகுதியால் எழும் கூற்று அது. வகுப்பில் சொன்னால் மாணவர் முகம் மலரும் என்பதும் உண்மையே. ஆயினும், அச்சொல்லின் எழுத்துக்கூட்டலே அக்கூற்றுக்கு எதிர்ச்சான்றாய் நிற்கின்றது.

‘எயிட்’ என எழுதுங்கால் நடுவே ஜி, எச் என்னும் ஈரெழுத்துகள் ஒலியின்றி நிற்கும். அவற்றை விட்டெழுதி அடி வாங்கிய மாணவர் எத்தனையோ பேர்! இன்று ஊமையெனினும் பண்டு அவை ஒலித்தவை. பழைய ஆங்கிலத்தில் அவ்விடத்தே நம் ஆய்தத்தை ஒத்த ஓர் ஒலி இருந்தது. செருமானியர் இன்றும் ‘அஃட்’ என்றே ஒலிக்கின்றனர். இலத்தீனில் அது ‘ஒக்தோ’, வடமொழியில் ‘அஷ்ட’. நாம் ‘அட்டமி’ என்னும் திதியின் பெயரும் இவ்வழிப்பட்டதே. ஆகவே ‘எயிட்’டுக்கு உறவான சொல்லைத் தமிழில் தேடின், கிடைப்பது கடன் பெற்ற ‘அட்டமி’, ‘எட்டு’ அன்று. எட்டின் வேர் வேறு. எண்பது, எண்ணூறு, எண்சாண் என்பவற்றில் அது ‘எண்’ என வெளிப்படக் காணலாம். கன்னடரும் ‘எண்டு’ என்பர்.

இச்சிறு பிழையைப் பெரிதுபடுத்துவானேன் எனலாம். இதனைக் கேட்டு வளர்ந்த மாணவன் பின்னாளில் அகராதியைப் புரட்டி உண்மை அறிவான். ‘செரூட்’ என்பது சுருட்டு, ‘மல்லிகட்டானி’ என்பது மிளகுத்தண்ணீர், ‘கட்டமரான்’ என்பது கட்டுமரம் என அதே ஆசிரியர் சொன்ன மெய்ச்செய்திகளையும் அன்று அவன் ஐயுறுவான். இவை ஆங்கில அகராதிகளே தமிழென ஒப்பியவை. கட்டுமரத்தைக் குறித்து டாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி, 1697-இல் வெளிவந்த தம் பயண நூலில், சோழமண்டலக் கரைச் சொல்லாகவே எழுதியுள்ளார். யார் கேட்டார், எங்கே கேட்டார், எப்போது எழுதினார் என்பது தெளிவு. ‘எயிட்’டுக்கு அத்தகைய வழி ஏதும் இல்லை.

இவ்விரு வகைக்கும் இடைப்பட்டு நிற்பது ‘கேஷ்’. அதனைக் ‘காசு’ என்பாரும் சரியே கூறுகின்றனர். அன்று என்பாரும் சரியே கூறுகின்றனர். ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்னும் சொற்கள் இரண்டு உள.

ஒன்று, பெட்டியிற் பிறந்தது. இலத்தீனில் ‘கப்சா’ என்றால் பெட்டி. அதனின்று வந்த இத்தாலியச் சொல் ‘கஸ்ஸா’. பிரெஞ்சுச் சொல் ‘கேஸ்’. ஆங்கிலத்தில் அது பணப்பெட்டியைக் குறித்து, பெட்டியிலுள்ள பணத்துக்கும் பெயராயிற்று. ‘கேஷியர்’ இக்குடும்பத்தவரே. மருந்தடைத்து வரும் ‘காப்சூல்’ என்பதும் ஒரு சிறு பெட்டியே.

மற்றொன்று, தமிழ்க் காசு. தென்னாட்டில் இச்சொல்லைக் கேட்ட போர்த்துக்கீசியர், தம் மொழியில் பெட்டிக்கு வழங்கும் ‘கைஷா’ என்பதன் வடிவிலேயே அதனையும் எழுதினர். பழகாத சொல்லைப் பழகிய சொல்லாகத் திரித்துக்கொள்ளல் எந்நாட்டு மக்களுக்கும் இயல்பு. ஆங்கிலேயரும் அவ்வாறே தமக்குப் பழகிய ‘கேஷ்’ ஆக்கிக்கொண்டனர். சென்னையில் அவர்தம் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். சீனரின் சதுரத் துளையிட்ட செப்பு நாணயத்துக்கும் ஆங்கிலேயர் இப்பெயரையே இட்டனர். இதனால் ஒரு தமிழ்ச் சொல் சீன நாணயத்தின் ஆங்கிலப் பெயராயிற்று!

கிழக்கிந்தியக் கும்பினி சென்னை மாகாணத்துக்கென 1808-இல் இங்கிலாந்தில் அடித்த செப்பு நாணயத்தில், ரோம எண்ணில் இருபதும் அதனையடுத்துக் ‘கேஷ்’ என்பதும் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றை ஏற்றிப் புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்னும் கப்பல், 1809 சனவரியில் இங்கிலாந்துக் கரையருகிலேயே புயலிற் சிக்கி மூழ்கியது. மணலுள் புதைந்த நாணயங்களை 1980-களில் வெளியே எடுத்தனர். அந்நாணயத்திலுள்ள ‘கேஷ்’ நம் காசு. வங்கிப் பலகையில் காணும் ‘கேஷ்’ மேலைநாட்டார் பெட்டி.