துக்கம் அறிந்த மகிழ்ச்சி

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்தபின், நங்கநல்லூரில் வீட்டுச் சந்திப்பின்போது ஒரு தாயார், “ஐயா, நான் அழுவது அவிசுவாசமா?” என்று கேட்டார். பிலிப்பியர் 4:4ஐ நாம் பிரசங்கிக்கும் விதமே அவருக்கு இவ்வையத்தை எழுப்பியிருக்கக்கூடும். எப்பொழுதும் மகிழும்படி அங்கே கட்டளையிடும் பவுல் அப்பொழுது கட்டுண்டவராயிருந்தார். அதே நிருபத்தில் எப்பாப்பிரோதீத்து மரணத்தறுவாயிலிருந்ததைக் கூறுகையில் (2:27) தம் துக்கத்தை அவர் மறைக்கவுமில்லை. மகிழ்ச்சிக்கு ஆதாரமாக அவர் கர்த்தரையே சுட்டுகிறார். ஆகவே துக்கத்தை மறுக்கவேண்டிய அவசியம் அவருக்கு ஏற்படவில்லை.

நம் தமிழ்த் திருச்சபையின் தொடக்கத்திலும் இதைக் காண்கிறோம். தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கிய அடுத்த மாதமே, 1708 நவம்பரில், டேனியக் கோட்டைத் தளபதி அவரைச் சிறைப்படுத்தினார். ஏறத்தாழ நான்கு மாதக் காவல். அங்கே அவர் கிறிஸ்தவ வாழ்வைக் குறித்து நூல் எழுதினார். தளபதியின் செய்கையைக் குறித்து மிஷனெரிமார் கோபன்ஹேகனுக்கு முறையிடவும் செய்தனர். (பொறுமை என்னும் பெயரால் முறையீட்டை அடக்கும் போதகர்கள் இதைக் கவனிப்பார்களாக.) விடுதலையானபின் பணியைத் தொடர்ந்து, 1711இல் மொழிபெயர்ப்பை முடித்தார்.

அத்தாயாருக்கு அன்று 13ஆம் சங்கீதத்தை வாசித்தேன். ஆறே வசனங்கள், மகிழ்ச்சி ஐந்தாவதில்தான் வருகிறது. முதல் நான்கையும் விடாமல் வாசித்தேன்.